காணிக்கைப் பையில் ஊருக்கும் ஒரு பங்கு: எந்த முறை ஒத்துவரும்?

போன மாதம் எங்கள் கிறிஸ்தவ சபைக் கமிட்டியில் ஒரு தீர்மானம் வந்தது. இனிமேல் காணிக்கையில் ஒரு பங்கை ஊரைச் சுற்றி இருக்கிற இல்லங்களுக்கும் சேவை நிறுவனங்களுக்கும் கொடுக்க வேண்டும். கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கையும் மேலே போனது. சரி, எந்தக் காணிக்கையில், எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று பொருளாளர் அண்ணன் கேட்டதும் எல்லாக் கையும் கீழே வந்துவிட்டது. அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினோம், வடை தீர்ந்தது, முடிவு வரவில்லை. கடைசியில் ஐயர் (குருவானவரைத் திருநெல்வேலிப் பக்கம் அப்படித்தான் சொல்வோம், சாதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) என்னைப் பார்த்து, "தம்பி, என்னென்ன வழி இருக்குன்னு எழுதிக் கொண்டாங்க, அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்றார். அப்படி எழுத ஆரம்பித்ததுதான் இது. இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கிற வேறு சபைகளுக்கும் உதவலாம் என்று கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். காணிக்கை என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே தவிர, சபைக்குள் பணம் நாலு வாசல் வழியாக வருகிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதாமாதம் அட்டையில் பதிந்து கட்டுகிற சங்கக் காணிக்கை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடும்போது பையில் விழுவது இன்னொன்று. பிறந்தநாள், கல்யாண நாள், பிள்ளைக்கு வேலை கிடைத்தது, புது வண்டி எடுத்தது என்று உறையில் பேர் எழுதிப் போடுகிற ஸ்தோத்திரக் காணிக்கை மூன்றாவது. வருஷத்துக்கு ஒருமுறை அசனப் பண்டிகையில் (சபையார் கூடிச் சாப்பிடுகிற திருவிழா) ஏலத்தில் வருவது நாலாவது. இதில் சங்கக் காணிக்கையில் கை வைக்க முடியாது. டயோசிசனுக்கு (திருமண்டலத்துக்கு) அனுப்ப வேண்டிய பங்கு, உபதேசியார் சம்பளம், கோயில்பிள்ளை சம்பளம், கரண்ட் பில் என்று வருவதற்கு முன்பே அது பேசிவைத்த பணம். "காணிக்கையில் பத்து சதவீதம்" என்று ஒருவர் சொன்னபோது அவர் மனதில் இருந்தது பைக் காணிக்கை. எதிர்த்தவர் காதில் விழுந்தது மொத்த வருமானம். இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று.

அப்புறம், இது ஏதோ புது நாகரிகம் என்று நினைக்கிறவர்களுக்காக இரண்டு வரி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த யுஸ்தீன் என்ற இரத்தசாட்சி, ஞாயிறு ஆராதனையில் சேர்கிற பணம் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், ஊர்விட்டு வந்தவர்கள் என்று இவர்களுக்குத்தான் போகிறது என்று எழுதிவைத்திருக்கிறார். நம் ஆராதனை முறைக்கு மூலமான 1662-ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்திலும், காணிக்கைப் பணத்தைக் குருவும் சபை மூப்பர்களும் தக்கதென்று நினைக்கும் தர்ம காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்றுதான் குறிப்பு இருக்கிறது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்திலேயே நம் பக்கத்தில் தர்ம சங்கம் இருந்தது. நடுவில் எங்கேயோ கட்டடமும் காம்பவுண்டும் முன்னுக்கு வந்துவிட்டன, அவ்வளவுதான்.

சரி, முறைகளுக்கு வருவோம்.

பொருளாளர் அண்ணனுக்குப் பிடித்தது சதவீத முறை. பையில் விழுவதில் பத்தில் ஒன்று, வாராவாரம் தனியாக எடுத்துவைத்து மாதக் கடைசியில் அனுப்பிவிடுவது. கணக்குக்காக ஒரு ஞாயிற்றுக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 52 ஞாயிறு, 3,12,000 ரூபாய், அதில் பத்து சதவீதம் 31,200, மாதத்துக்கு 2,600. யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம், அறிவிப்பு வேண்டாம், மழை பெய்து கூட்டம் குறைந்தாலும் அந்த அளவுக்கு மட்டுமே குறையும். வாங்குகிற இல்லத்துக்கும் இவ்வளவு வரும் என்று ஓர் அடி நிலம் காலுக்குக் கீழே இருக்கும். காகிதத்தில் பார்த்தால் இதைவிட ஒழுங்கான முறை கிடையாது.

ஆனால் காகிதத்துக்கும் எங்கள் சபைக்கும் நடுவில் ஒரு மதில் இருக்கிறது. உண்மையான மதில்தான். சில வருஷங்களுக்கு முன்னால் ஏழைகள் நிதிக்கு ஐந்து சதவீதம் என்று இதேபோல் தீர்மானம் போட்டோம். ஏழு மாதம் ஒழுங்காகப் போனது. ஐப்பசி மழையில் கல்லறைத் தோட்டத்து மதில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "இந்த ஒரு மாசம் மட்டும் அந்தப் பணத்தையும் இதுல சேத்துக்குவோம்" என்றார்கள். நியாயமான பேச்சு, நானும் தலையாட்டினேன். அந்த ஒரு மாசம் பதினாலு மாசம் ஆனது. மதில் கட்டி, வெள்ளையடித்து, அதில் கமிட்டி பெயர்களைப் பொறித்த கல்லும் வைத்த பிறகும் ஐந்து சதவீதம் திரும்பி வரவில்லை. கேட்கவும் யாரும் இல்லை, ஏனென்றால் அது போய்க்கொண்டிருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. சதவீத முறையின் கோளாறு இதுதான்: கொடுக்கிறவர் கண்ணில் படாத பணம் நின்றாலும் கண்ணில் படாது.

இரண்டாவது, மாதத்தில் ஒரு ஞாயிறு பைக் காணிக்கை முழுவதையும் கொடுத்துவிடுவது. அமெரிக்காவில் யூனிட்டேரியன் என்ற பிரிவின் சபைகள் பலவற்றில் இந்த மாதிரி ஒரு பழக்கம் உண்டு. உறுப்பினர்களின் வாக்குறுதிப் பணம் சபைச் செலவுக்கு. தட்டில் விழுகிற சில்லறையும் நோட்டும் பாதியோ முழுவதுமோ ஊரில் இருக்கிற ஏதாவது ஒரு சேவை நிறுவனத்துக்கு. நமக்குச் சங்கக் காணிக்கை, அவர்களுக்கு வாக்குறுதிப் பணம், அவ்வளவுதான் வித்தியாசம். அதே 6,000 கணக்கில் வருஷத்துக்கு 72,000. சதவீத முறையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் சபை அந்த 72,000-ஐ வேறெங்காவது ஈடுகட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொருளாளர் அண்ணன் என்னிடம் பேசமாட்டார்.

எந்த ஞாயிறு என்பதில்தான் சூட்சுமம். எங்கள் சபையில் முதல் ஞாயிறு திருவிருந்து, சம்பளம் வந்த சூடு, கோயில் நிறைந்திருக்கும். அந்தப் பையைத் தூக்கிக் கொடுத்தால் சபைக்கு வலிக்கும். கடைசி ஞாயிறு என்றால் வலிக்காது, ஏனென்றால் அன்றைக்குப் பையில் பெரும்பாலும் பத்து ரூபாய் நோட்டுதான். யாரோ கமிட்டியில் "கடைசி ஞாயிறு வச்சுக்கலாமே" என்று சொன்னபோது பின்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா, "மிச்சம் மீதியத்தான் குடுப்பீங்களோ?" என்று கேட்டுவிட்டார். இரண்டாம் ஞாயிறு நல்லது என்று எனக்குப் படுகிறது. மாதத்தில் ஐந்தாவது ஞாயிறு வந்தால் மட்டும் கொடுப்போம் என்று ஒரு மிதவாத யோசனையும் வந்தது. வருஷத்தில் நாலு, எப்போதாவது ஐந்து. பயந்து பயந்து ஆரம்பிக்கிற சபைகளுக்கு அது மோசமில்லை. பட்ஜெட்டே நாலு ஞாயிற்றுக்குத்தானே போடுகிறோம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

இந்த முறையில் ஒரு பெரிய சபலம் இருக்கிறது: மாதம் ஒரு நிறுவனம். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் சந்தோஷம், யார் சிபாரிசும் வீணாகாது. கமிட்டி அரசியலுக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் வாங்குகிற பக்கம் நின்று பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் முதியோர் இல்லம் நடத்துகிற ஓர் அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. "வருஷத்துக்கு ஒரு தடவை அம்பதாயிரத்தக் கொண்டாந்து குடுத்து போட்டோ எடுக்கறதவிட, மாசம் நாலாயிரம் தவறாமக் குடுங்க தம்பி. சமையல்காரம்மா சம்பளத்துல பாதியாவது நான் யோசிக்க வேண்டாம்ல" என்றார். அப்புறம் அவரே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் பேனாவால் நிறைந்திருந்தன: இன்னார் பிறந்தநாள் மதியச் சாப்பாடு, இன்னார் நினைவு நாள் பிரியாணி. ஒரே ஞாயிற்றுக்கு மூன்று பேர் கேட்டு இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். செவ்வாய், புதன் கட்டங்கள் காலி. பெரியவர்களுக்கு டயப்பர், சர்க்கரை மாத்திரை, ராத்திரி பார்த்துக்கொள்கிற ஆள் சம்பளம், இதற்கெல்லாம் பிறந்தநாள் கொண்டாட யாரும் வருவதில்லை.

அந்தக் காலண்டரைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு மாதம் விடாமல் கொடுக்கிறோம் என்பதைத்தான் இந்த ஒப்பீட்டில் முதலில் பார்க்க வேண்டும். மற்ற முறைகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

அசனப் பண்டிகை முறைக்கு எங்கள் சபையில் ஆதரவு அதிகம். ஏன் என்று சொல்லத் தேவையில்லை, அது திருவிழா. வாழைத்தார், தேங்காய், பூசணி, பனங்கருப்பட்டி, காலைக் கட்டிய சேவல், யாரோ வீட்டில் சுட்ட கேக், எல்லாம் பந்தலில் வரிசையாக இருக்கும். ஏலம் விடுகிற அண்ணன் கையில் மைக் வந்துவிட்டால் ஐயர்கூட ஓரமாக உட்கார்ந்துவிடுவார். ஒரு சேவல் 800 ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே விடுவார். மறுபடி ஏலம், இன்னொருவர் 1,200. அவரும் திரும்ப விடுவார். நாலாவது சுற்றில் சேவலே சலித்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்ளும். இந்தப் பணத்தில் பாதியை இல்லங்களுக்குக் கொடுப்போம் என்று அறிவித்தால் ஏலம் இன்னும் சூடு பிடிக்கும் என்கிறார்கள். பிடிக்கலாம்.

ஆனால் மூன்று சங்கடம். வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும், ஆக அந்தக் கீரை அம்மாவின் கணக்குப்படி இது அம்பதாயிரம்-போட்டோ வகை. இரண்டாவது, அந்தப் பணத்தை நம்பிக் கூரை, பெயின்ட், ஸ்பீக்கர் என்று ஒரு வரிசையே காத்திருக்கிறது. மூன்றாவது கொஞ்சம் சட்டச் சங்கதி. இப்போதெல்லாம் ஏலத்தில் பாதி வாட்ஸ்அப் வீடியோவில் நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற தம்பிக்காக இங்கே அக்கா கை தூக்குகிறார். அந்தத் தம்பி இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறவர் என்றால், தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புகிற பணம் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அவரே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், நம் தெருவில் பிறந்து நம் ஞாயிறு பள்ளியில் படித்தவராக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்கக்கூடாது. பதிவு இருந்து வாங்கினாலும் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றக் கூடாது. கனடாக் குடியுரிமைக்காரர் எடுத்த சேவலின் பணம் இல்லத்துக்குப் போகிற கணக்கில் கலந்தால் என்ன ஆகும் என்று எங்கள் கமிட்டியில் கேட்டேன். ஏலம் விடுகிற அண்ணன் மட்டும், "அப்போ சேவலுக்கும் விசா வேணும்போல" என்றார்.

தனி உறை அல்லது வாசலில் தனி உண்டியல் என்பது நாலாவது வழி. சபைப் பணத்தைத் தொடவே வேண்டாம், விருப்பமுள்ளவர்கள் கூடுதலாகப் போடட்டும். பொருளாளர்களுக்கு இது தேன். இதிலேயே இன்னும் ஒரு படி மேலே போய், சபையை நடுவில் வைக்காமல் இல்லத்தின் க்யூஆர் அட்டையையே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம் என்று எங்கள் வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர் சொன்னார். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பையில் 500 ரூபாய் போட்டால் அது யார் போட்டது என்று கடவுளுக்கு மட்டுமே தெரியும், வருமான வரி அலுவலகத்துக்குத் தெரியாது. அதே பணத்தை 80ஜி பதிவுள்ள நிறுவனத்துக்கு நேரே அனுப்பினால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குப் பொதுவாகப் பாதித் தொகைக்குக் கழிவு கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புது வரி முறைக்கு மாறியவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது, ஆகவே எங்கள் சபையில் இதனால் பயன் பெறுபவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. போன் இல்லாத பாட்டிகள் எங்கள் சபையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சேலை முந்தியில் முடிந்துவைத்த இருபது ரூபாயை அவிழ்த்துப் பையில் போடுகிறவர்கள். தேவாலயத்தில் இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றி வருஷத்துக்கு ஒருமுறை பிரசங்கம் வைத்துவிட்டு, அப்படிப்பட்டவர் கை போய்ச் சேராத இடத்தில் க்யூஆர் ஒட்டுவது சரியாகப் படவில்லை. தனி உறையிலும் இதே கதைதான், வசதி உள்ளவர்களின் காரியமாகிவிடும். மாதத்தில் ஒரு ஞாயிறு முழுப் பையும் போகும்போது அந்த இருபது ரூபாயும் சேர்ந்து போகிறது. சபையாகக் கொடுப்பது என்றால் அதுதானே.

அரிசி முறையைச் சொல்லாமல் விட்டால் எங்கள் அம்மா கோபித்துக்கொள்வார். பிடி அரிசி: உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருவது. மிசோரம் சபைப் பெண்கள் இந்தக் கைப்பிடி அரிசியை வைத்தே பெரிய ஊழியங்களைத் தாங்குகிறார்கள். எங்கள் வீட்டிலும் ஹார்லிக்ஸ் டின் ஒன்று அடுப்பு மேடையில் இருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அரிசி போடுவதற்கு எனக்கும் தங்கைக்கும் சண்டை வரும், கொடுப்பது என்றால் என்ன என்று முதலில் கற்றுக்கொண்டது அந்த டின்னில்தான். ஆனால் இன்றைக்கு வருகிற அரிசியில் ரேஷன் அரிசியும் பொன்னியும் இட்லி அரிசியும் கலந்து வரும். ஒரே பானையில் வேக வைத்தால் பாதி குழையும், பாதி விறைக்கும். இல்லங்களில் அரிசி பொதுவாகத் தட்டுப்பாடும் இல்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக இதை வைத்துக்கொள்ளலாம், முக்கிய வழியாக வேண்டாம்.

முறையை விடுங்கள், யாருக்கு என்பதில்தான் குரல் உயர்ந்தது. ஒரு மூப்பர் எழுந்து, முதலில் விசுவாச வீட்டாருக்கு என்றுதான் பவுல் எழுதியிருக்கிறார், நம் நிறுவனங்களை விட்டுவிட்டு வெளியே ஏன் போக வேண்டும் என்றார். ஐயர் அமைதியாக, அதே வசனத்தின் முதல் பாதி யாவருக்கும் நன்மை செய்யச் சொல்கிறதே என்றார். கலாத்தியர் ஆறாம் அதிகாரம், நீங்களே எடுத்துப் பாருங்கள். நம் நிறுவனங்கள் என்று பார்த்தால் நம் பக்கத்துக்குக் குறைவே இல்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கியது, செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளி 1895-இல் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் தொடங்கியது. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-இல் ஆரம்பித்த பிள்ளைகளுக்கான ஊழியம் இன்றும் நடக்கிறது. மிஷன் ஊழியத்துக்கு, 1903-இல் பாளையங்கோட்டையிலேயே பிறந்த இந்திய மிஷனரி சங்கத்துக்கு, ஏற்கெனவே தனிக் காணிக்கை எடுக்கிறோம். அதே சமயம் ஆய்க்குடியில் 1981-லிருந்து மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கிற அமர் சேவா சங்கம் கிறிஸ்தவ நிறுவனம் இல்லை. விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் என்பவர் தொடங்கியது, 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். எங்கள் சபைப் பிள்ளை ஒன்றே அங்கே பயிற்சிக்குப் போய்வந்திருக்கிறது. அங்கே நம் பிள்ளையை அனுப்பலாம், நம் காணிக்கையை அனுப்பக்கூடாதா? மூப்பர் பதில் சொல்லவில்லை, ஆனால் உட்கார்ந்த விதத்தில் ஒப்புக்கொள்ளவில்லை என்று தெரிந்தது.

இந்த விஷயத்தில் பக்கத்துத் தெரு ஜமாஅத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஜகாத் என்றால் சேமிப்பில் இரண்டரை சதவீதம், யார் யாருக்குப் போகலாம் என்று எட்டு வகை, எல்லாம் குர்ஆனிலும் ஹதீஸிலும் வகுத்துவைத்தது. நாம் ஒவ்வொரு கமிட்டிக்கும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு கேள்வியும் வந்தது, அதை லேசாகத் தள்ள முடியாது: நம் சபையிலேயே மருந்து வாங்கக் காசில்லாதவர்கள் இருக்கும்போது ஊருக்குக் கொடுப்பானேன்? அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில், தங்கள் விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கு மொழி பேசினவர்கள் முறுமுறுத்த கதை தெரியும்தானே. அப்போஸ்தலர்கள் அதற்கு ஏழு பேரை வைத்தார்கள், பந்தியை நிறுத்தவில்லை. ஆக, ஏழைகள் நிதி தனியாக, திருவிருந்து ஞாயிற்றுக் காணிக்கையிலிருந்து ஒரு தொகை என்று, இதற்கு முன்னாலேயே எழுதிவைத்துவிட வேண்டும். அந்த நிதியை எடுத்து ஊருக்குக் கொடுத்தால் இந்தத் திட்டம் ஆறு மாதத்தில் சண்டையில் முடியும்.

சரிபார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒருமுறை சூடு பட்டிருக்கிறோம். முன்பு ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு, பேர் வேண்டாம், இரண்டு வருஷம் பண்டிகைதோறும் பணமும் துணியும் கொடுத்தோம். நடத்தியவர் நன்றாக ஜெபிப்பார், நன்றாகப் பேசுவார். எங்களில் ஒருவர்கூட அறிவிக்காமல் அங்கே போனதில்லை. ஒருநாள் அதிகாரிகள் வந்து பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று பஸ்ஸில் கேள்விப்பட்டோம். பதிவே இல்லாமல் நடந்திருக்கிறது. 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாமல் பிள்ளைகள் இல்லம் நடத்த முடியாது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இனிமேல் பதிவுச் சான்று, 12ஏ (வருமான வரி விலக்குப் பதிவு), 80ஜி, போன வருஷத்து ஆடிட் கணக்கு, இவ்வளவும் நகல் வாங்காமல் ஒரு ரூபாய் போகக்கூடாது. அத்தோடு வருஷத்துக்கு இரண்டு முறை, சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் போய் நிற்க வேண்டும். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகும்போது யாரும் குறை சொல்லிவிடக்கூடாது என்று பவுலே தனியாகப் போகாமல், சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட அனுப்பினார். அவரைவிடவா நாம் நம்பிக்கைக்குரியவர்கள்?

பெரிய சைஸ் காசோலை அட்டை, பிளக்ஸ், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ, இது எதுவும் வேண்டாம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பராமரிப்பில் இருக்கிற பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை அதே சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது. பேஸ்புக்கில் போடுகிற அண்ணன்களுக்கு இது தெரியாது.

கணக்கு வழியில் ஒன்று: ஓர் அறக்கட்டளை இன்னோர் அறக்கட்டளைக்குக் கொடுக்கிற பணத்தில் 85 சதவீதத்தை மட்டுமே செலவாக எடுத்துக்கொள்வது என்று 2023 பட்ஜெட்டில் மாற்றினார்கள். எங்கள் தொகைக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனாலும் டயோசிசன் அலுவலகத்திலும் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

ஆக நான் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தது இது. இரண்டாம் ஞாயிறு, பைக் காணிக்கை முழுவதும். ஒரு வருஷத்துக்கு இரண்டே நிறுவனம், ஒன்று நம்முடையது, ஒன்று யாருடையதானாலும் சரி, ஆளுக்குப் பாதி. வெஸ்ட்ரியில் (கோயிலை ஒட்டிய அறையில்) எண்ணியதும் தொகையை அங்கேயே எழுதி, அடுத்த ஞாயிறு அறிவிப்பில் வாசிக்க வேண்டும். திங்கட்கிழமை வங்கியில் அனுப்பிவிட வேண்டும், மாதக் கடைசி வரை நம் கணக்கில் தூங்கக்கூடாது. இந்த ஏற்பாட்டை நிறுத்தவோ தள்ளிவைக்கவோ கமிட்டிக்கு அதிகாரம் கிடையாது, முழுச் சபைக் கூட்டம் கூடித்தான் முடியும். மதில் விழுந்தாலும் சரி.

சதவீத முறைதான் சிறந்தது என்று பொருளாளர் அண்ணன் இன்னும் சொல்கிறார். நகரத்துப் பெரிய சபை, மாதாமாதம் கணக்கு அச்சடித்துக் கொடுக்கிற பழக்கம், கேள்வி கேட்கிற உறுப்பினர்கள், இதெல்லாம் இருந்தால் அவர் சொல்வது சரி. அங்கே நான் அவர் பக்கம். இங்கே எனக்கு அந்த மதில்தான் ஞாபகம் வருகிறது. இரண்டாம் ஞாயிறு மழை பெய்து கூட்டம் குறைந்தால் இல்லத்துக்கு அந்த மாதம் குறைந்துவிடுமே என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாதம் இவ்வளவுக்குக் குறையாது என்று ஒரு தொகையை நிறுவனத்திடம் முன்பே சொல்லிவிட்டு, பை குறைந்தால் அசனப் பண்டிகைப் பணத்திலிருந்து நிரப்புவோம் என்று சேர்த்து எழுதினேன். கூடினால் கூடினது அவர்களுக்கு.

ஜூனில் ஆரம்பிக்கலாம் என்பது அந்த முதியோர் இல்லத்து அம்மா சொன்னது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, எல்லோரும் ஃபீஸ், நோட்டு, யூனிபார்ம் என்று கையைச் சுருக்கிக்கொள்வார்கள், வழக்கமாகக் கொடுக்கிறவர்களும் ஒரு மாதம் தள்ளிப்போடுவார்கள். அவருடைய காலண்டரில் ஜூன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஞாயிறுகளே இரண்டு காலியாக இருந்தன.

கமிட்டி வருகிற சனிக்கிழமை. பின்வரிசைப் பெரியம்மா வருவாரா என்று மட்டும் விசாரித்துவைத்திருக்கிறேன்.